மூன்றாவது பிரதி

1

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இருபத்திரண்டு மாணவர்கள் முன்னால், என் அத்தா முப்பது வருஷமாக மறைத்துவைத்த ஒரு விஷயத்தைத் தன் வாயாலேயே சொன்னார். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் இறந்து எட்டு வருஷமாகிறது. அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. அது எனக்கு நல்லதாகப் போயிற்றா, கெட்டதாகப் போயிற்றா என்று இன்னும் தெரியவில்லை.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில் ஓர் ஊர். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், நூலகப் படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு மின்னூலகம் கட்டச் சொல்லித் தருகிறேன். சொந்த ஊரான மரக்காணம் போகும்போது யாராவது "என்னா வேலம்மா பண்றே?" என்று கேட்டால், நான் விளக்கி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய தாளோ படமோ குரலோ, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அது என்ன, யாருடையது, யார் பார்க்கலாம் என்று படிவத்தில் எழுத வேண்டும். தேடுகிறவர் கைக்குக் கிடைக்கும்படி அடுக்க வேண்டும். ஏற்றுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். 'யார் பார்க்கலாம்' என்கிற ஒரு கட்டத்துக்காகத்தான் பதினான்கு வருஷமாகத் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைப் பாடமும் அந்தக் கட்டத்தைப் பற்றியதுதான். உதாரணத்துக்கு, இரண்டு வருஷத்துக்கு முன் ஊரில் ஒரு கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து நான் கட்டிய மின்னூலகத்தைத் திரையில் போட்டேன். மரக்காணம் கடற்கரைக் குடும்பங்களுக்கு வளைகுடாவிலிருந்து வந்த கேசட் கடிதங்கள். முதல் கேசட் என் அம்மாவுடையது. ஏ பக்கத்தைப் போட்டேன். அத்தாவின் குரல் வந்தது. அரை நிமிஷத்தில் நிறுத்தினேன்.

"இனி பி பக்கத்தைத் தொடுகிறேன். பாருங்கள், கட்டியவள் நான், என்னையே உள்ளே விடாது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் தொட்டேன்.

விட்டது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. பூட்டுப் படம் வரவில்லை. அத்தா பேசத் தொடங்கிவிட்டார்.

இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி ஓடியது. முடிந்தபோது முன் வரிசையில் ஒரு பெண், என்ன அழகான மொழி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

"பண்டிகைக்கு லீவு கிடைக்கவில்லை என்கிறார்" என்றேன். அது ஏ பக்கத்தில் இருந்த பொய். இருபத்திரண்டு பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

2

கேசட் கடிதம் என்றால் இப்போது ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ துபாயிலோ இருந்த காலம் அது. எழுதத் தெரியாதவர்களும், எழுத அலுப்புப்பட்டவர்களும் கேசட்டில் பேசி, லீவில் வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்புவார்கள். சோப்பு, சென்ட், தைலப் பாட்டில்களுக்கு நடுவே கேசட்டும் வரும்.

அதில் ஒரு முறை இருந்தது. ஏ பக்கம் வீட்டில் எல்லாருக்கும். பி பக்கம் மனைவிக்கு மட்டும். பி பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். யாரும் சொல்லி வைத்த சட்டமில்லை. ஆனாலும் மருமகள் தட்டில் எத்தனை மீன் துண்டு விழுகிறது என்று பார்க்கிற மாமியார்கூட அந்தப் பக்கத்தைத் தொடமாட்டார்.

எங்கள் வீட்டில், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அம்மா, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னைச் சமையலறைக்குள் தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பாள். அத்தா காலி கேசட்டும் அனுப்புவார். அதில் அம்மா பதில் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுப்பாள். பள்ளி சீக்கிரம் விட்ட நாட்களில் நான் வந்து, சாத்திய கதவுக்கு வெளியே பையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன். உள்ளே கசகசவென்று பேச்சு கேட்கும். ஒரு வார்த்தையும் பிடிபடாது.

நான் ஏழாவது படித்த வருஷம், பெருநாளைக்கு வருகிறேன், வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று அத்தா சொல்லியிருந்தார். வகுப்பில் ஒருத்தி விடாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பெருநாள் துணியை அத்தாதான் எடுக்கவேண்டும் என்று, தையல்காரரிடம் அளவை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு கேசட் வந்தது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஏ பக்கம் கேட்டோம்.

"பெருநாளைக்கு லீவு கெடைக்கல. கம்பெனில விடமாட்டேன்றான். சபீனா குட்டி, கோச்சுக்காதம்மா."

எழுந்து போய்விட்டேன். கொஞ்ச நாளில் யார் கையிலோ ஊதா நிறத் துணி ஒன்று வந்தது. தொடமாட்டேன் என்றேன். அம்மா அதை டூ-இன்-ஒன்னுக்கு உறையாகத் தைத்துவிட்டாள்.

அதோடு போகவில்லை. அதன் பிறகு அத்தாவுக்குக் கேசட்டில் பேச மறுத்தேன். ஆறு வருஷம் கழித்து அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது நான் கல்லூரிக்குப் போய்விட்டேன். இங்கே வந்த பிறகு வாரம் ஒரு போன் பேசுவேன். "நல்லா இருக்கீங்களா? அம்மாகிட்ட குடுங்க." அவ்வளவுதான் அவருக்கு. அவர் மவுத்தாகி மூன்றாம் நாள்தான் என்னால் போய்ச் சேர முடிந்தது. ஒரு பெருநாள் துணியை வைத்துக்கொண்டு நாற்பது வயது வரை கோபத்தைக் காப்பாற்றியவள் நான். இப்படி ஒரு பிடிவாதக்காரியை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள்.

3

இரண்டு வருஷத்துக்கு முன் ஜனவரியில் ஊருக்கு வந்தேன். இங்கே அது கோடை விடுமுறை. திண்டிவனம் சாலையில், பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு கல்லூரி. நூலக மாணவர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாளே, கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்திருங்கள், வீடு வீடாகப் போகப்போகிறோம் என்றேன்.

போனோம். கதவைச் சாத்தினார்கள். "கெட்டுப்போச்சும்மா", "தூக்கிப் போட்டுட்டோம்." பொய் என்று தெரியும். புருஷன் பேசிய கேசட்டை யார் தூக்கிப் போடுவார்கள்? உப்புக் காற்றில் ஸ்க்ரூ துருப்பிடித்து, டேப் ஒட்டிக்கொண்டு, பெட்டி அடியில் அழிந்துகொண்டிருந்தது. விட்டால் ஐந்து வருஷம்கூடத் தாங்காது.

அப்போது அம்மாதான் முன்னால் வந்தாள். மரக்காணம், பொம்மையார்பாளையம், பெரிய முதலியார்சாவடி என்று தனக்குத் தெரிந்த பெண்களை எல்லாம் எங்கள் வீட்டு ஹாலில் கூட்டிவைத்து, தன்னுடைய மூன்று கேசட்டை முதலில் மேசைமேல் வைத்தாள்.

"என் மவ பூட்டு போட்டு வைப்பா. பி பக்கத்த யாரும் கேக்க மாட்டாங்க. இவளும் கேக்க மாட்டா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பூட்டு எப்பவாச்சும் போச்சுன்னா அழிச்சிடணும். வல்லாஹி சொல்லு" என்றாள்.

எல்லார் முன்னாலும் அல்லாஹ்மேல் சத்தியம் செய்தேன்.

பொம்மையார்பாளையத்து மும்தாஜ் கேட்டார்: "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா என்னாம்மா பண்ணுவே?"

"மூணு பிரதி எடுத்து மூணு எடத்துல வெப்போம் மாமி. ஒண்ணு காலேஜ் சர்வர்ல, ஒண்ணு பிரின்சிபால் ரூம் பீரோல, மூணாவது எங்கூட நியூசிலாந்துல. சுனாமியே வந்தாலும் போவாது."

எத்தனை மேடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம். பத்தொன்பது பெண்களிடமிருந்து நாற்பத்தொரு கேசட் வந்தது. எனக்காக வரவில்லை. அம்மாவின் வார்த்தைக்காக வந்தது.

மாணவர்களில் கெட்டிக்காரி ஜெயந்தி. அவள் அப்பா உப்பளத்தில் கூலி. அவளும் லீவு நாட்களில் உப்பு வாரப் போவாள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. படிவத்தை நான் வகுத்துக் கொடுத்தேன்: பேசியவர், கேட்டவர், எந்த ஊரிலிருந்து, யார் பார்க்கலாம். அவள் உட்கார்ந்து நாற்பத்தொன்றுக்கும் நிரப்பினாள்.

ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து கேட்டாள்.

"மேடம், சில கேசட்ல ஏ பக்கத்துக் கடைசில ஒரு பொம்பள கொரல் வருது. அவரு பேசி முடிச்சப்புறம். பத்து செகண்டு, பதினஞ்சு செகண்டு."

"முன்னாடி பண்ண ரெக்கார்டிங் மிச்சம். வெட்டிடு."

"வெட்டிடலாமா மேடம்?"

"இந்த லெட்டர்ல சேராததெல்லாம் இரைச்சல்தான். வெட்டு."

வெட்டினாள். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று முடிவில் தெரியும்.

பயிற்சி முடிந்து, அதே கல்லூரி நூலகத்தில் ஜெயந்திக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. சாவி அவள் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக விமானம் ஏறினேன்.

4

பி பக்கத்தில் அத்தா பேசியது இது. ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை. அம்மா பெயர் ஜைத்தூன்.

"ஜைத்து, நீ பேசி அனுப்ச்சது கெடைச்சுது. மூணு தடவ கேட்டேன். வராதீங்கன்னு சொல்லிட்டே. ஏன்னும் சொல்லிட்டே. அதுக்கப்புறம் நான் என்னா பேசறது? டிக்கெட்ட திருப்பிக் குடுத்துட்டேன். ஏ பக்கத்துல லீவு கெடைக்கலன்னு பேசியிருக்கேன். அதுவே இருக்கட்டும். புள்ள அழுவா. எம்மேல கோவப்படுவா. படட்டும். நான் தூரத்துல கெடக்கறவன், தாங்கிக்குவேன். உம்மேல கோவப்பட்டா ஒரே வீட்ல எப்படி இருப்பீங்க? நீ எதையும் சொல்லிக்காதே. நானும் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஊதா கலர்ல துணி எடுத்து வச்சிருந்தேன். யாரு வந்தாலும் குடுத்தனுப்பறேன்."

லீவு கிடைத்திருந்தது. டிக்கெட் எடுத்திருந்தார். துணியும் எடுத்திருந்தார். வராதே என்று சொன்னது அம்மா.

அன்று வகுப்பு முடிந்து என் அறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அத்தாவையாவது விட்டுவிடலாம், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அம்மா? நான் போனில் "அம்மாகிட்ட குடுங்க" என்று சொன்ன ஒவ்வொரு வாரமும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள் அவள். ரிசீவரை வாங்கிக்கொண்டு, அங்கே குளிரா என்று கேட்பாள். மூன்றாம் நாள் போய், கபர்ஸ்தான் இருக்கும் திசையைப் பார்த்தபடி நான் மரம்போல் நின்றபோதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு ஓர் அப்பா இருந்தார், அவரை என் கையாலேயே தள்ளிவைக்க விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனால் மகள் ரிஹானா, பதினாறு வயது, என் முகத்தைப் பார்த்து என்ன என்றாள். சொன்னேன். ஒரு ஆடியோதானே, அழித்துவிட்டுப் போயேன் என்றாள் ஆங்கிலத்தில். பிறகு, நன்னாவின், அதாவது தாத்தாவின், குரலைத் தானும் கேட்கலாமா என்றாள். அவளுக்கு நினைவு தெரிந்தபோது என் அத்தா போனில் ஒரு இருமல் சத்தம், அவ்வளவுதான். கூடாது என்றேன்.

"உங்கள் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் ஏன் பூட்டு?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். 'நம் குடும்பம்' என்று அவள் சொல்லாததைக் கவனித்தேன். அதற்கும் வருத்தப்பட அன்று என்னிடம் இடமில்லை.

5

மறுநாள் ஜெயந்தியை அழைத்தேன். குரலைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கமிட்டி வந்தாங்க மேடம். காலேஜுக்கு மார்க் போடற கமிட்டி. 'உங்க லைப்ரரிய வெளிய இருக்கறவங்க எத்தினி பேரு பாக்கறாங்க'ன்னு ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்குது. பூட்டு இருந்ததால கணக்கு ஏறல. பிரின்சிபால் சார் ஒரு வாரத்துக்குத் தொறந்து வையின்னாரு."

"ஒரு வாரம்?"

"அப்புறம் மார்க்கு வந்துடுச்சு மேடம். யாரும் அதப் பத்திப் பேசல. நானும்…"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீங்க வேணாம்னுதான் சொல்லுவீங்க. அதான் கேக்கல."

இந்த நேர்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கத்தினேன். உப்பளத்துப் பெண் என்று எவ்வளவு நம்பினேன் தெரியுமா என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வேலைய பெர்மனன்ட் பண்றேன்னு சொன்னாங்க மேடம்."

"பண்ணாங்களா?"

"இல்ல."

பூட்டை அன்றே திரும்பப் போட்டாள். ஆனால் நான் செய்திருந்த சத்தியம் பூட்டைத் திரும்பப் போடுவதற்கில்லை, அழிப்பதற்கு. அழித்துவிடு என்றேன். முடியாது என்றாள்.

"நீக்கல் படிவம் வேணும் மேடம். கேசட் குடுத்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். நீங்க போட்ட ரூல்தான்."

ஆமாம், நான் போட்டதுதான். நாளைக்கு எவனாவது பெரிய மனிதன் மிரட்டினான் என்று எதையும் நீக்கிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு நாள் யோசித்து எழுதிய விதி. பிரின்சிபாலுக்கு மெயில் அனுப்பினேன். மறு மெயிலில், தாங்களே வகுத்த நடைமுறையை மீறுவது முறையாகாது என்று என் விதியின் எண்ணையே எடுத்துப் போட்டுப் பதில் எழுதியிருந்தார். திறக்கும்போது அந்த மனிதருக்கு ஒரு விதியும் நினைவுக்கு வரவில்லை.

ஆக, அழிக்க வேண்டுமானால் அம்மா கையெழுத்து வேண்டும். கையெழுத்து வேண்டுமானால் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

6

எனக்கு மாலை நான்கு மணி என்றால் அம்மாவுக்குக் காலை ஒன்பதரை.

"அஸ்ஸலாமு அலைக்கும்மா. நாஷ்டா ஆச்சா?"

"வ அலைக்கும் ஸலாம். ஆச்சு. சொல்லு."

"அந்த கேசட் விஷயம்மா…"

"பதினஞ்சு நாளாச்சு" என்றாள். "நீ எப்ப சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்."

அம்மாவே சொன்னாள். மும்தாஜ் மாமியின் மருமகள் போனில் எதையோ தேடப்போய், மாமனாரின் குரல் கிடைத்திருக்கிறது. பி பக்கம். புருஷன் பெண்டாட்டியைக் கொஞ்சுகிற பேச்சு. நாத்தனாரைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டிச் சிரித்திருக்கிறாள். மும்தாஜ் மாமி அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டார்.

"பொம்மையார்பாளையத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தா. வாசல்லயே நின்னா. கத்தல. கத்தியிருந்தா தேவல. 'உன் மூஞ்சியப் பாத்துத்தான் குடுத்தேன் ஜைத்து'ன்னுட்டுப் போய்ட்டா. இப்ப மய்யித்து எடுக்கற வூட்டுக்குப் போனாக்கூட எம்பக்கத்துல யாரும் உக்கார மாட்டேன்றாங்க."

"நான் தொறக்கலம்மா. அந்தக் காலேஜுல…"

"அவங்களுக்கு காலேஜத் தெரியுமா? என்னத்தான் தெரியும்."

அத்தாவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று வந்த நான், படிவத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

அடுத்த வியாழக்கிழமை அம்மா ஒரு வேன் பிடித்து, பதினாறு பெண்களை ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். படுக்கையில் இருக்கும் இரண்டு பேரிடம் வீட்டுக்கே போய்க் கைநாட்டு வாங்கியிருந்தாள். மும்தாஜ் மாமி வேனில் வந்தார், ஆனால் அம்மா இருந்த சீட்டில் உட்காரவில்லையாம். பதினேழு பேரும் பிரின்சிபால் அறையில் உட்கார்ந்து, வேலை முடிந்தால்தான் எழுந்திருப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பி பக்கம் மொத்தத்தையும் அழிக்கவேண்டியதாயிற்று. நேரில் வர முடியாதவர்களுக்கு விதி என்ன சொல்கிறது என்று கேட்கப் பிரின்சிபாலுக்கும் தைரியம் வரவில்லை.

ஜெயந்தி எனக்குப் போன் செய்தாள். "ஆச்சு மேடம். சர்வர்லயும் அழிச்சாச்சு, பீரோல இருந்த ஹார்ட் டிஸ்க்லயும் அழிச்சாச்சு. உங்கம்மா பக்கத்துலயே நின்னு பாத்தாங்க. போன குடுக்கச் சொல்றாங்க."

அம்மா வாங்கினாள்.

"மூணு எடத்துல வெப்பேன்னு அன்னிக்கு சொன்னியே. மூணாவது உங்கிட்ட இருக்குது."

சொன்ன நானே மறந்திருந்தேன்.

"இருக்குதும்மா."

"அழி. நான் லைன்ல இருக்கேன்."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். நாற்பத்தொரு பி பக்கங்களும் வரிசையாக நின்றன. முதலாவதின்மேல் கை வைத்துக்கொண்டு, என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"அத்தாவ ஏம்மா வராதீங்கன்னு சொன்னே?"

அந்தப் பக்கம் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"கேட்டுட்டே" என்றாள் அம்மா.

"தானா ஓடுச்சும்மா. பூட்டு இல்ல."

"நிறுத்தியிருக்கலாமில்ல?"

இரண்டு நிமிஷம் நாற்பது விநாடியும் என் விரல் மவுஸ்மேல்தான் இருந்தது.

"சாகற வரைக்கும் அவர்கிட்ட நான் மொகம் குடுத்துப் பேசலம்மா. நீ பாத்துட்டேதானே இருந்தே?" என்று கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"சொல்லாதேன்னாரு. சொல்லல. நான் குடுத்த வாக்க காப்பாத்தினேன். நீ?"

மூஞ்சியில் அடித்தாற்போல் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"ஏன்னு மட்டும் சொல்லும்மா. எனக்குத் தெரியணும்."

"அதெல்லாம் அப்பவே பேசி அனுப்பிட்டேன். ஒரு மணி நேரம். அழுதுட்டே பேசினேன். அவரு கேட்டாரு, புரிஞ்சுக்கினாரு. அந்த கேசட்டு மேலயே அவரோட அடுத்த லெட்டர பேசி அனுப்ச்சிட்டாரு. புது கேசட்டு எதுக்குன்னு. எப்பவும் அப்படித்தானே, எல்லா ஆம்பளைங்களும். அதோட அது போச்சு." என்றாள். "இன்னொரு தடவ அத என் வாயால சொல்ல முடியாது சபீனா. நீ கேக்காதே. அழிச்சிட்டியா?"

அழித்தேன். நாற்பத்தொன்றையும்.

"அழிச்சிட்டேன்மா."

"சரி. வேன்காரன் நிக்கறான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

7

எல்லா ஆம்பளைங்களும். அந்தச் சொல் இரண்டு நாள் என்னை விடவில்லை.

வளைகுடாவில் இருந்தவர்களிடம் மனைவியின் கேசட் போய்ச் சேரும். கேட்பார்கள். பிறகு அதன் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவார்கள். பத்தொன்பது பெண்களைத் தேடி அலைந்து, இந்தக் கடற்கரைப் பெண்களின் ஞாபகங்களைச் சேர்த்துவிட்டேன் என்று எத்தனை இடத்தில் மார்தட்டியிருக்கிறேன். சேர்த்தது முழுக்க ஆண்கள் பேசியது. படிவத்தைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தொரு பதிவிலும் 'பேசியவர்' கட்டத்தில் ஆண் பெயர். 'கேட்டவர்' கட்டத்தில் பெண் பெயர். வகுத்தவள் நான். பதினான்கு வருஷமாகக் கட்டங்களைப் பற்றிப் பாடம் எடுப்பவளும் நான்தான்.

அந்தப் பெண்கள் பேசியது கொஞ்சமாவது எங்கே இருந்தது என்றால், ஆண்கள் பேசி நிறுத்திய இடத்துக்கு அப்பால், டேப்பின் வாலில் பத்து விநாடி, பதினைந்து விநாடி. ஜெயந்திக்கு அது காதில் விழுந்தது. இரைச்சல் என்று சொன்னது நான்.

அவளை அழைத்தேன்.

"அந்தப் பொம்பள கொரல வெட்டின பிட்டு ஏதாச்சும் வச்சிருக்கியா ஜெயந்தி?"

"இல்ல மேடம். வெட்டுன்னீங்க, வெட்டிட்டேன்." பிறகு மெல்லக் கேட்டாள். "உங்க பிரதி வெட்டாததுதானே மேடம்? நான் கைய வெக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கினீங்களே."

மூன்றாவது பிரதி. கேசட் ஓடியது ஓடியபடி, முனையிலிருந்து முனை வரை.

அம்மாவின் இரண்டாவது கேசட்டைத் திறந்தேன். பெருநாள் கேசட்டுக்கு அடுத்து வந்தது. ஏ பக்கம்தான். இதைக் கேட்க எனக்கு அனுமதி உண்டு என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். டேப் முடியப்போகும் வரை அத்தா ஒவ்வொருவராக நலம் விசாரிக்கிறார். சபீனா ஏன் பேசி அனுப்பவில்லை என்று கேட்கிறார். துணி பிடித்ததா என்று கேட்கிறார். எல்லாருக்கும் சலாம் சொல்லி முடிக்கிறார். டக்கென்று பொத்தான் சத்தம்.

கொஞ்சம் இரைச்சல். அப்புறம் அழுது கம்மிப்போன, இப்போதைய என்னைவிட வயது குறைந்த ஒரு பெண்ணின் குரல். பதினொரு விநாடி.

"…அவ்ளோதாங்க. இதுக்கு மேல பேச முடியல. சபீனா ஸ்கூல் விட்டு வந்துட்டா. கதவுக்கு வெளிய உக்காந்துனு இருக்கா. வெக்கிறேன்."